லாபம், ரெண்டு, மூணு

பசியாவரத்துத் தாமோதரன் எனக்குப் பன்னிரண்டு பணம் கடன்பட்டிருந்தான். வலை பின்ன நூல் வாங்கிய கடன். வட்டி வேண்டாம் என்று நானேதான் சொன்னேன். கொடுக்கும்போது கை தாராளமாக இருக்க வேண்டும் என்பது என் வழக்கம். நூல் வாங்கிய மறுமாதமே வாடைக்காற்றில், முகத்துவாரத்தில் அவன் தோணி கவிழ்ந்தது. ஆள் போனான், வலை போயிற்று, நூலும் போயிற்று. கடன் மட்டும் நீந்திக் கரையேறி, அவன் பெண்சாதி வேலம்மாவின் வாசலில் உட்கார்ந்துகொண்டது.

இதை எழுதுகிற நான் மீன் முத்தியாலு. பழவேற்காட்டில் அந்தப் பேரைச் சொன்னால் கோட்டைச் சமையற்கட்டு வரைக்கும் வழி விடுவார்கள். ஆரம்பாக்கத்திலிருந்து இடுப்புத் துணியோடு நடந்து வந்தவன். இன்று என் பேரில் தோணிகள் ஓடுகின்றன, கருவாடு காயப்போட என் சொந்தத் திடல் இருக்கிறது. பள்ளிக்கூடத்து மணலில் விரலால் எழுதியது ஒரு மழைக்காலம் மட்டும். மழை விட்டதும் வாத்தியார் காட்டூர்ப் பக்கம் போய்விட்டார், நான் மீன் கூடை தூக்கப் போய்விட்டேன். மிச்ச எழுத்தையெல்லாம் நானே துரத்தித் துரத்திப் பிடித்தேன். படித்தவர்கள் இதை எழுதினால் இன்னும் நீளமாக இருக்கும். இவ்வளவு தெளிவாக இருக்காது.

என்னைப் பற்றி எழுத வேறு ஓலை எடுத்து வைத்திருக்கிறேன். இது தாமோதரன் மகன் தருமலிங்கத்தைப் பற்றியது.

தருமலிங்கம் பிறந்தபோது குறை ஒன்றும் தெரியவில்லை. காலத்தில் கவிழ்ந்தான், காலத்தில் தவழ்ந்தான். நடக்கத் தொடங்கியபோதுதான் நுனிக்காலில் நடந்தான், எப்போதும் சுடுமணலில் போகிறவன் மாதிரி. பேச்சு வரவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். செவிடு என்று நினைத்தால், கரையில் மீன் கூடை கவிழ்கிற சத்தத்துக்கு முதல் ஆளாக ஓடி வருவான். யார் முகத்தையும் பார்க்க மாட்டான். காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்ப்பான். பால்பல் விழுகிற வயதில் ஒருவழியாகப் பேச்சு வந்தது. வந்த பேச்சு அவனுடையதாக இல்லை. “சாப்ட்டியாடா?” என்று கேட்டால் “சாப்ட்டியாடா” என்பான். “உன் பேரு இன்னா?” என்றால் “உன் பேரு இன்னா” என்பான்.

ஊர்ப் பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டு. “நான் கழுதை” என்று சொல்லி அவனையும் சொல்லவைத்துச் சிரிப்பார்கள். ஒரு நாள் ஒரு பயல் வாய் தவறி “நீ கழுதை” என்று சொல்லிவிட்டான். தருமலிங்கம் சத்தமாக, ஊர் கேட்க, அதை அப்படியே திருப்பிச் சொன்னான். அதோடு அந்த விளையாட்டு நின்றது.

அவனுக்குப் பிடித்த இடம், பசியாவரம் கரையில் நான் வாங்கிக் குவிக்கிற மீனின் ஓரம். நான் எண்ணிப் போடும்போது என் குரல் எதிர்க்கரைக்குக் கேட்கும். அப்படி ஒரு தொண்டை எனக்கு. “லாபம், ரெண்டு, மூணு” என்று நான் கூவக் கூவ, அவனும் கூவுவான். சில நாள் நான் எண்ணி முடித்துப் போன பிறகும், சிப்பிகளை நீளவாக்கில் அடுக்கிவைத்துத் தனியாக எண்ணிக்கொண்டிருப்பான்.

அவன் அம்மா வேலம்மாவைத்தான் ஊரில் அதிகம் கேலி செய்தார்கள். காரணம், அவள் மகனிடம் பேசுகிற விதம். மற்றத் தாய்மார் “பசிக்குதா?” என்று கேட்பார்கள். இவள் மகன் முன்னால் உட்கார்ந்து, “எனக்குப் பசிக்குது, சோறு போடு” என்பாள். அவன் “எனக்குப் பசிக்குது, சோறு போடு” என்பான். இவள் சோறு போடுவாள். தண்ணீருக்கும் அப்படி, தூக்கத்துக்கும் அப்படி. “புள்ளைக்குத்தான் அப்பிடின்னா ஆத்தாளுக்கும் மூளை பெரண்டுபோச்சு” என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தருமலிங்கம் அம்மா தோளுக்கு மேல் வளர்ந்த சமயத்தில்தான் எந்திரிக் துரை வந்து சேர்ந்தார். இங்கிலீஷ்காரர்கள் கோட்டையைப் பிடித்து, பிறகு ஒல்லாந்தருக்கே திருப்பிக் கொடுத்துச் சில வருஷம் ஆகியிருந்தது. கோட்டை வைத்தியருக்கு உதவியாள் என்று கப்பலில் வந்த பிள்ளை. மீசைகூட முழுசாக முளைக்கவில்லை. அவர் பேரை அவர் ஊர்க்காரர்கள் எப்படிச் சொல்வார்களோ. எங்கள் வாயில் எந்திரிக் என்றுதான் வந்தது. “எந்திரி துரை வராரு” என்று யாராவது சொன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எழுந்து நிற்கும். துரை அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டு தானும் தொப்பியை எடுப்பார்.

ஒல்லாந்து தேசத்தில் ஒரு சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்தவர். பணம் தீர்ந்துபோய்ப் படிப்பு பாதியில் நின்றது. சம்பளம் சேர்த்துக்கொண்டு திரும்பிப் போய்ப் படிப்பை முடிக்க வேண்டும், அதற்கு ஒரு பெரிய கட்டுரை எழுத வேண்டும். எதைப் பற்றித் தெரியுமா? குழந்தையின் மனசு எப்படி வளர்கிறது, சில குழந்தைகளுக்கு அது ஏன் வேறு மாதிரி ஆகிவிடுகிறது என்பதைப் பற்றி. கோட்டையில் இருந்த மற்றத் துரைகள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். செடிகொடியைப் பற்றி எழுது, காய்ச்சலைப் பற்றி எழுது, யாராவது படிப்பார்கள் என்றார்கள்.

எனக்கு மட்டும் அது மண்டைக்குள் குடைந்தது. உடம்பு வளர்வதைக் கண்ணால் பார்க்கிறோம். மனசு வளருமா? வளர்ந்தால் எங்கே அளப்பது?

பசியாவரம் ஏரிக்கு நடுவில் இருக்கிற தீவு. அவரை அங்கே கொண்டுபோனது என் தோணி. மொழிபெயர்க்கக் கோட்டை எழுத்தர் ஆபிரகாம் கூட வந்தார். எனக்கும் பறங்கிப் பேச்சு கொஞ்சம் வரும். ஆனால் என் பறங்கிப் பேச்சில் மீன் பேரும் விலையும் வசவும்தான் உண்டு. ஆபிரகாம் கோட்டை நிழலிலேயே பிறந்து வளர்ந்தவர், செருப்போடு தோணியில் ஏறுகிறவர். மீன் அவர் வீட்டுக்கு அரிந்து கழுவித்தான் வரும்.

துரை ஒரு காகிதத்தில் தம் ஊரிலேயே கேள்விகளை எழுதிக் கொண்டுவந்திருந்தார். கரையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள்.

“பிள்ளை எந்த மாதத்தில் முதலில் சிரித்தது என்று துரை கேட்கிறார்” என்றார் ஆபிரகாம்.

“எதப் பாத்து?” என்று கேட்டாள் எல்லம்மா. அவள் வாய்க்குப் பயந்து மீன் வியாபாரிகளே விலையை ஏற்றிக் கொடுப்பார்கள்.

“எதைப் பார்த்தாலும் சரி.”

“எம் புருசன் மூஞ்சியப் பாத்துத்தான். அதப் பாத்தா யாருக்குத்தான் சிரிப்பு வராது.”

“கரண்டியைத் தானே பிடித்துச் சாப்பிடுகிறதா?”

“எனக்கே கரண்டி புடிச்சித் துன்னத் தெரியாது. அப்போ எனக்கு இன்னா வயசுன்னு எழுதிக்கச் சொல்லு.”

“மாடிப்படி ஏறுகிறதா?”

“ஏறும். தொரைய மொதல்ல ஒரு மாடி கட்டிக் குடுக்கச் சொல்லு.”

ஆபிரகாமுக்குக் கோபம் வந்தது. ஆனால் துரை, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அந்தக் கேள்விகளை அடித்துவிட்டு, “உங்கள் பிள்ளைகள் எதன்மேல் ஏறும்?” என்று கேட்டார். பெண்கள் கரையில் கிடந்த தோணியைக் காட்டினார்கள். மாடிப்படி இருந்த இடத்தில் தோணி விளிம்பு என்று எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து அவரை ஊருக்குப் பிடித்துவிட்டது. “தொரே, நேத்து கவுந்துகிச்சு”, “தொரே, இன்னிக்கி வெரல நீட்டி நெலாவக் காட்டுது” என்று கரையில் நின்று கூப்பிட்டுச் சொல்வார்கள். பத்துப் பிள்ளை பெற்றவளும் பதினோராவதை அப்போதுதான் உட்கார்ந்து பார்த்தாள்.

தோணியில் திரும்பும்போது அவர் தம் படிப்பைப் பற்றிச் சொல்வார். பிறந்த குழந்தையின் மனசு ஒன்றும் எழுதாத ஓலை என்று ஒரு வாத்தியார் சொல்லிக்கொடுத்தாராம். விதைக்குள் மரம் இருப்பதுபோல எல்லாம் உள்ளேயே இருக்கிறது, வெளியே வரவேண்டியதுதான் பாக்கி என்று இன்னொரு வாத்தியார் சொன்னாராம். “இரண்டு பேரும் சண்டை போடுவார்கள். இரண்டு பேரும் ஒரு குழந்தையைக்கூட மடியில் வைத்துப் பார்த்ததில்லை” என்றார். என்னைக் கேட்டால், என் ஓலையில் யாரும் எழுதவில்லை, நானே எழுதிக்கொண்டேன். இதையும் சொன்னேன். ஆபிரகாம் அதை மொழிபெயர்க்கவில்லை.

தருமலிங்கத்தை அவர் பார்த்த நாளிலிருந்து வேறு பிள்ளை அவர் கண்ணில் படவில்லை. முகத்தைப் பார்ப்பது, விரல் நீட்டிக் காட்டுவது, சொல், பிறகு ‘நான்’ என்கிற சொல், இந்த வரிசையில்தான் எல்லாக் குழந்தைக்கும் மனசு வளர்கிறது என்று அவர் கண்டுவைத்திருந்தார். இவனுக்கு மட்டும் வரிசை குலைந்திருந்தது. ஏன் என்று தெரியாமல் அவருக்குத் தூக்கம் வரவில்லை.

அதே சமயம் பையனுக்கு மேல் உதட்டில் மீசை கறுத்தது. அங்கேதான் சிக்கல் பிறந்தது.

எங்கள் ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. எந்த நாள், எந்த இடம், யார் முறை என்று ஊருக்குள் கட்டு உண்டு. அதற்குப் பாடு என்று பேர். பாட்டில் பேர் உள்ளவனுக்குத்தான் ஏரி. இல்லாதவன் கரையில் நண்டு பொறுக்கலாம். தகப்பன் செத்தால், மகன் தனியாகக் கழி ஊன்றித் தோணி தள்ளுகிற வயதில் அந்தப் பேர் மகனுக்கு வரும். தாமோதரன் பேர் அவ்வளவு வருஷமும் தருமலிங்கத்துக்காகக் காலியாக இருந்தது. இப்போது ஊர்ப் பெரியதனக்காரர் திருவேங்கடத்தின் மச்சான் அதன்மேல் கண் வைத்தான்.

பாடு கிடைத்தால் தாயும் மகனும் பிழைப்பார்கள். கிடைக்காவிட்டால் வேலம்மா கடைசிவரை அடுத்தவர் மீனை ஆய்ந்துகொண்டிருக்க வேண்டியதுதான். என் பன்னிரண்டு பணமும் அந்தப் பாட்டில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

வலை உலர்த்தும் கொட்டகையில் ஊர் கூடியது. வேலம்மா எழுந்து நின்றாள்.

“பெரியவரே, எம் புள்ள கழி போடுறான், வலை புடிக்கிறான். அவன் நைனா பாட்ட அவனுக்குக் குடுங்க.”

திருவேங்கடம் கெட்டவர் இல்லை. யாரும் தம்மைக் குறை சொல்லக்கூடாது என்று நினைக்கிறவர். “வேலம்மா, தண்ணியில நின்னுக்கினு நான் ‘வலைய உடுறியாடா’ன்னு கத்துனா, அவனும் ‘வலைய உடுறியாடா’ன்னு கத்துவான். ரெண்டு பேரும் கத்திக்கினே இருந்தா வலைய யாரு உடுறது?” என்றார்.

கொட்டகை சிரித்தது. தருமலிங்கம் ஒரு கம்பத்தை விரலால் தட்டிக்கொண்டிருந்தான்.

“நான் ஒண்ணும் சொல்லல” என்றார் பெரியதனக்காரர். “இவனையே பாத்துக்கினு ஒரு வைத்தியரு மாசக்கணக்கா சுத்துறாரே, அவரே சொல்லட்டும். புத்தி வளந்திருக்குதுன்னு சொன்னா பாடு இவனுக்கு. இல்லன்னா எம் மச்சானுக்கு.”

துரைக்கு இது பிடிக்கவில்லை. இன்னும் பார்க்க வேண்டும் என்றார். ஆனால் ஊர் முழுக்க அவர் முகத்தையே பார்த்தது. கடைசியில் பாயில் உட்கார்ந்து, பையன் முன்னால் ஒரு சிப்பியை வைத்தார். கேள்வி கேட்டால் கேள்வியே திரும்பி வரும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் சும்மா விரலால் தொட்டுக் காட்டினார்.

“லாபம்” என்றான் தருமலிங்கம்.

துரை ஆபிரகாமைப் பார்த்தார். ஆபிரகாம் தோளைக் குலுக்கிவிட்டு, லாபம் என்பதற்கு என்ன பறங்கிச் சொல்லோ அதைச் சொன்னார். துரை சிப்பியை எடுத்துவிட்டு ஒரு மீனை வைத்தார்.

“லாபம்.”

ஒரு காசை வைத்தார்.

“லாபம்.”

பிறகு நிறையச் சிப்பிகளைக் கொட்டினார். பையன் அவற்றை வரிசையாக அடுக்கிக்கொண்டே, “லாபம், ரெண்டு, மூணு, நாலு” என்று கடைசிவரை போனான். கூட்டத்துக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. துரை “ஒண்ணு எடு” என்று தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். “ஒண்ணு எடு” என்றான் பையன். எடுக்கவில்லை.

துரை ஆபிரகாமிடம் மெல்லச் சொன்னார். குழந்தைக்கு எண்களில் முதலில் புரிவது ஒன்றுதான். ஒன்று புரியாதவன் இரண்டு மூன்று என்று சொல்வது, கேட்ட பாட்டைப் பாடுவது மாதிரி, எண்ணுவது ஆகாது. இப்படிச் சொன்னார் என்று எனக்குப் பின்னால்தான் தெரியும். ஆபிரகாம் அதையெல்லாம் சுருக்கி, கூட்டத்தைப் பார்த்து, “இவனுக்கு ஒன்று தெரியவில்லை என்கிறார்” என்றார்.

“ஒண்ணும் தெரியலயாம்” என்றார் திருவேங்கடம்.

“ஒண்ணும் தெரியலயாம்” என்று பின்வரிசைக்கும் போயிற்று. ஒரு எழுத்துதான் கூடியது. கூட்டம் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டது. பையன் சரியாக எண்ணியதை எல்லோரும் கேட்டார்கள். ஆனாலும் படித்த துரை இதற்கு மேலே வேறு எதையோ பார்த்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வேலம்மா அழவில்லை. என் தோணி வரைக்கும் வந்தாள். “அண்ணாத்த, உன் பணத்துக்கு இனி வழி இல்ல. உன் திடல்ல கருவாடு பொரட்டிக் கழிச்சிடுறேன்” என்றாள். பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை கோட்டைச் சமையற்கட்டு வாசலில் மடவை மீனை எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தேன். வழக்கமான குரலில்தான். “லாபம், ரெண்டு, மூணு.” அந்தப் பக்கமாகப் போன எந்திரிக் துரை அப்படியே நின்றார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். தருமலிங்கத்தைப் பார்க்கிற பார்வை. நாலு ஊரை விலைபேசுகிற என்னை ஒருவன் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவர் ஒரு மீனை மட்டும் எடுத்துத் தனியாக வைத்தார். “எத்தனை?”

“லாபம்” என்றேன்.

“ஒண்ணு இல்லையா?”

“எண்றப்போ ஒண்ணுன்னு எவனாவது ஆரம்பிப்பானா தொரே? மொதல் மீனு லாபம். அப்பால ரெண்டு. நெல்லு அளந்தாலும் அப்பிடித்தான், மீனு எண்ணுனாலும் அப்பிடித்தான். மொத வார்த்தை நல்ல வார்த்தையா இருக்கணும்.”

சமையற்காரன் உள்ளேயிருந்து தலையை நீட்டினான். “அட, இத்தினி நாளா மொத மீன உன் லாபம்னு சொல்றன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்” என்றான்.

பாதித் தமிழிலும் பாதிப் பறங்கியிலும் இதை அவருக்குப் புரியவைத்தேன். துரை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். முதலில் சிரித்தார். பிறகு கையால் முகத்தை மூடிக்கொண்டார். “அவனுக்கு ஒன்று தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை” என்று எழுந்தார். “தோணி இருக்கிறதா?”

இருந்தது. என் தோணி இல்லாமல் அந்த ஊரில் எது நடந்திருக்கிறது?

பெரியதனக்காரர் லேசில் மசியவில்லை. “நேத்து ஒண்ணு சொன்னாரு, இன்னிக்கி ஒண்ணு சொல்றாரு. நாளைக்கி இன்னா சொல்வாரோ. சரி, எண்ணத் தெரியும்னே வச்சுக்குவோம். ஏரி எண்ணிக்கையிலயா கீது? தோணியில சொன்னதச் செய்வானா?”

துரை நேரே வேலம்மாவிடம் போனார். கூடவே ஆபிரகாம், அவருக்குப் பின்னால் நான். “வீட்டில் அவன் எந்தச் சொல்லுக்கு வேலை செய்கிறான்? சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டுச் செய்கிறானா, செய்துவிட்டுச் சொல்கிறானா?” என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. கொஞ்சம் யோசித்தாள். “சொல்லிட்டுத்தான் செய்வான். வாயில வந்தாத்தான் கையில வரும். ஆனா கேள்வியா கேட்டா வாயிலயே நின்னுடும். அதனாலதான் நான் கேக்கறதில்ல. அவன் இன்னா சொல்லணுமோ அத நானே சொல்லிக் குடுத்துடுவேன். ஊரு சிரிக்கும். சிரிச்சா சிரிக்கட்டும்.”

துரை இதை எழுதிக்கொள்ளவில்லை, கேட்டுக்கொண்டே நின்றார். தம் காகிதத்தில் இல்லாத கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

பகல் வெளிச்சத்தில், எல்லோரும் பார்க்க, பெரியதனக்காரர் தோணியிலேயே பையனை ஏற்றினார்கள். துரையும் ஏறினார். நான் என் தோணியில் பக்கத்திலேயே போனேன். வலையை வளைத்துப் போட்ட பிறகு திருவேங்கடம், “இழுக்கிறியாடா?” என்று கத்தினார்.

“இழுக்கிறியாடா” என்றான் தருமலிங்கம். கயிறு கையில் சும்மா கிடந்தது.

“பாத்தியா?” என்றார் அவர் என்னைப் பார்த்து.

துரை உடைந்த தமிழில் குரல் கொடுத்தார். “கேக்காதே. சொல்லு.”

பெரியதனக்காரருக்கு ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை ஒருமையில் பேசியது உறைத்தது. ஆனாலும் சொன்னார். “இழு.”

“இழு” என்றான் தருமலிங்கம். இழுத்தான். தகப்பன் தோள் அவனுக்கு. நிறுத்து என்று சொல்ல எல்லோருக்கும் மறந்துபோயிற்று. தன் பக்கத்துக் கயிறு முடிந்ததும், எதிரே இருந்தவன் கையிலிருந்ததையும் பிடுங்கி இழுத்துப் போட்டான். தோணி சாய்ந்தது. ஆட்கள் சிரித்தார்கள். இந்தத் தடவை அந்தச் சிரிப்பு வேறு.

கரைக்கு வந்ததும் திருவேங்கடம் துரையிடம், “இப்ப சொல்லுங்க, புத்தி வளந்திருக்குதா, இல்லியா?” என்றார்.

ஆபிரகாம் இந்த முறை சுருக்காமல் சொன்னார். “வளரவில்லை என்று சொல்வது தப்பாம். நம்மைப் போல வளரவில்லை, வேறு வழியில் வளர்ந்திருக்கிறானாம். அது எந்த வழி என்று துரைக்கே தெரியாதாம். தெரிந்துகொள்ளத்தான் படிக்கிறாராம்.”

“தெரியாததுக்கு எல்லாம் படிப்பா” என்றார் பெரியதனக்காரர். எனக்கோ அது பிடித்திருந்தது. தெரியும் என்று சொல்கிற படிப்பாளிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடைசியில் பெரியதனக்காரர் ஒரு வழிக்கு வந்தார். ஒரு பருவத்துக்குப் பாடு பையனுக்கு. அவனால் வலையோ ஆளோ நஷ்டப்பட்டால் ஈடு கட்ட ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். “யாரு நிக்கறது?” என்று கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் தண்ணீரைப் பார்த்தது.

“நான் நிக்கிறேன்” என்றேன்.

“உன் பழைய கடனே அங்க முழுகிக் கெடக்குது. மேல இதுவுமா?” என்றார் எல்லம்மாவின் புருஷன், அந்தச் சிரிப்பு மூஞ்சிக்காரர்.

“முத்தியாலு வச்ச எடத்துல எதுவும் முழுகினதில்ல” என்றேன். உள்ளுக்குள் கொஞ்சம் பயம் இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அந்தப் பருவம் முடிவதற்கு முன்பே துரை கப்பல் ஏறினார், படிப்பை முடிக்க. போகும் முன் கடற்கரைக்கு ஆபிரகாமோடு வந்து, என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். தருமலிங்கம் பிறர் சொன்ன சொல்லை ஒரு நாளும் மாற்றுவதில்லை. ‘உன்’ என்று கேட்டால் ‘உன்’ என்றே திருப்புவான். ‘எனக்கு’ என்று அவன் சொல்வதெல்லாம் அம்மா வாயில் வைத்த ‘எனக்கு’. அவனாக ஒரு ‘என்’ சொல்வானா, சொன்னால் எந்த வயதில், எதற்காக? “பார்த்தால் எனக்குச் சொல்லியனுப்பு. இந்தக் கரையில் நான் நம்புகிற கண் உன்னுடையது” என்றார். அது உண்மைதான்; என் கண் கூர்மை. அதற்குப் பிறகு அந்தப் பையன் வாயை நான் மீன் விலையைவிடக் கவனமாகக் கேட்டேன். பிற்பாடு ஒரு மாலுமியிடம் சொல்லியும் அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்ததா, அவர் கட்டுரையில் ஏறியதா என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லியனுப்பியது இதுதான்.

பருவம் முடிந்து ஊரில் பங்கு பிரித்தார்கள். தருமலிங்கத்தால் ஒரு வலையும் கிழியவில்லை. மறுநாள் காலை வேலம்மா அவனைக் கூட்டிக்கொண்டு என் கருவாட்டுத் திடலுக்கு வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து அவன் கையில் கொட்டினாள். பருப்பு மாதிரிச் சின்னச் சின்னப் பொன் பணம். மணலில் விழுந்தால் தேட முடியாது. நான் என் உள்ளங்கையை நீட்டினேன்.

வேலம்மா வழக்கம்போல அவன் வாய்க்கு வார்த்தை கொடுத்திருக்க வேண்டும். அன்று அவளுக்கு அது மறந்துபோயிற்று. மற்றத் தாய்மாரைப் போலவே பேசிவிட்டாள்.

“உன் நைனா பட்ட கடன்டா, தருமா. அண்ணாத்த கையில எண்ணி வை.”

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது, நாக்கைக் கடித்துக்கொண்டாள். ‘உன் நைனா’ என்று அப்படியே திரும்பி வரும் என்று நான் காத்திருந்தேன். பையன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் உள்ளங்கையைப் பார்த்தான். கையிலிருந்த பணத்தைப் பார்த்தான்.

“என் நைனா பட்ட கடன்” என்றான்.

வேலம்மா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டாள். அவன் என் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, உள்ளங்கையை நன்றாக விரித்து வைத்துக்கொண்டு, முதல் பணத்தை நடுவில் வைத்தான்.

“லாபம்.”

அடுத்ததை அதன் பக்கத்தில் ஒட்டி வைத்தான். “ரெண்டு.” பிறகு “மூணு”, “நாலு” என்று என் குரலிலேயே, எதிர்க்கரைக்குக் கேட்கிற மாதிரி, ஒன்றும் விடாமல், வரிசை கலையாமல் எண்ணிக்கொண்டே போய், கடைசிப் பணத்தையும் வைத்துக் கையை எடுத்தான்.

“பன்னெண்டு.”